ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பிழை

தம்பி, உன் சுகத்தை விசாரித்து இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. காலையில்தான் போனில் பேசினோம். சாப்பிட்டாயா என்று கேட்டேன், பாண் சாப்பிட்டேன் என்றாய். அந்தப் போனிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்ல வாய் வராமல், "சரி, வைக்கிறன்" என்று வைத்துவிட்டேன். வருகிற புதன்கிழமை உன் ஆய்வேட்டை முன்னால் வைத்துக்கொண்டு பேராசிரியர்கள் உன்னைக் கேள்வி கேட்கப் போகிறார்கள். அது முடிந்தால் நீ முதுகலைப் பட்டதாரி. பிறகு இரண்டு மாதத்தில் விமானம் ஏறி, நான்கு வருடம் அதே படிப்பை இன்னும் ஆழமாகப் படிக்கப் போகிறாய். இவ்வளவும் அந்த ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தின் மேல்தான் நிற்கிறது. அந்த அத்தியாயம் பிழை, தம்பி. நீ விட்ட பிழை அல்ல. யார் விட்டது என்று எனக்குத் தெரியும். முழுவதையும் வாசித்துவிட்டு என்னைத் திட்டு. பாதியில் திட்டாதே.

துறைக்கடைக் கந்தசாமியை எனக்கு ஏன் பிடிக்காது என்பது உனக்குத் தெரிந்த கதை. பால்சோற்றோடு சேர்த்து ஊட்டிய கதை. ஆனாலும் இன்னொரு தடவை சொல்கிறேன். இதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் இவ்வளவு காலமும் தெம்பாக இருக்கிறேன் என்று உன் அப்பா சொல்வார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சண்டைக் காலம். நெடுந்தீவுக்குத் தபால் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. அதனால் யாழ்ப்பாணத்தில் இருந்த என் கணக்கு ரீச்சரின் முகவரியைத்தான் எல்லா விண்ணப்பங்களிலும் போட்டேன். கணித ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லி அங்கே கடிதம் வந்தது. கடைச் சரக்கு எடுக்க அங்கு வந்திருந்த கந்தசாமியின் கையில் ரீச்சர் அதைக் கொடுத்துவிட்டிருக்கிறா. தீவுக்கு வள்ளம் ஏறுகிற எவரும் அடுத்தவர் கடிதத்தை வாங்கமாட்டேன் என்று சொல்லாத காலம் அது. வாங்கினால், தன் வீட்டுப் படலையைத் திறக்குமுன் உரியவர் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். பிள்ளை பிறந்தது, ஆள் செத்தது, அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்பது, எல்லாம் அப்படித்தான் கரை சேர்ந்தன. கையெழுத்து இல்லை, பற்றுச்சீட்டு இல்லை. வாங்கிய கைதான் பொறுப்பு.

அந்தக் கடிதம் பதினொரு நாள் கழித்து என்னிடம் வந்தது. சவர்க்காரம் மணத்தது. நேர்முகப் பரீட்சை முடிந்து நான்கு நாளாகியிருந்தது. "மறந்து போனன் தங்கச்சி, சரக்கோடை சரக்கா வைச்சுப்போட்டன்" என்றார். அவருடைய சொந்தத் தங்கச்சி அதே வருடம் அதே பயிற்சிக்கு எடுபட்டுப் போய், ஆசிரியையாகி, அதிபராகி, மாலை மரியாதையோடு ஓய்வும் பெற்றுவிட்டா. மறந்தாரா, மறைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் நானே தீர்ப்பெழுதி முத்திரையும் குத்திவிட்டேன். அன்றோடு அவரை அண்ணை என்று கூப்பிடுவதை நிறுத்தினேன். முன்பள்ளியில் குழந்தைகளுக்கு ஒன்று, இரண்டு சொல்லிக்கொடுத்தே என் காலம் போனது. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அது நின்றுகொண்டே இருந்ததே தவிர ஒன்றும் செய்யவில்லை. அவருடைய கடை பெருத்தது, பிள்ளைகள் கனடா போனார்கள், திருவிழாவில் ஒரு நாள் அவருடைய உபயமாகவும் ஆனது.

போன வருடம் பொங்கலுக்கு வந்தபோது குசினிக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு உன் படிப்பை எனக்கு விளங்கப்படுத்தினாய். நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். இன்ரநெற் என்பது இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை வழி எப்போதும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டியது என்றாய். நடுக்கடலிலும் காட்டிலும் விண்வெளியிலும் அப்படி வழி கிடையாது, அங்கே ஒருவர் செய்தியை வாங்கித் தன்னிடம் வைத்திருந்து, அடுத்தவரைச் சந்திக்கும்போது கொடுக்க வேண்டும் என்றாய். அதற்கென்று தனியாக ஒரு புரோட்டோகோல், கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒழுங்கு, இருக்கிறது என்றாய். "வாங்கினவன், 'வாங்கிட்டன், இனி என்ரை பொறுப்பு' எண்டு பதில் அனுப்போணும் அம்மா. அதுக்குப் பிறகுதான் குடுத்தவன் தன்ரை பிரதியை அழிக்கலாம்."

எனக்குக் கை நின்றுவிட்டது. "வாங்கிப்போட்டு அவன் குடுக்காட்டி?" என்று கேட்டேன்.

"அதுதானம்மா என்ரை ஆராய்ச்சி" என்று சிரித்தாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வழக்கை எங்கேயோ ஒரு கம்பஸில் பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி வாங்கிவிட்டுக் கைவிடுகிறவர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர்களுடைய நம்பிக்கைப் புள்ளியைக் குறைப்போம், மற்றக் கருவிகளெல்லாம் அவர்களைச் சுற்றிக்கொண்டு வேறு வழியால் போகும் என்றாய். ஊரே ஒரு ஆளைச் சுற்றிக்கொண்டு போவதை நினைத்துப் பார்த்தேன். அன்றைய சம்பல் நல்லாய் இருந்தது என்று நீ சொன்னது ஞாபகம்.

பிறகு நீ பெட்டிகளோடு வந்தாய். தெற்கே, குதிரைகள் மேய்கிற வெளிப்பக்கத்தில் நான்கு கிணறுகளில் தண்ணீரின் உப்பை அளக்க நான்கு பெட்டி. சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒன்று என் சைக்கிள் கூடைக்கு. வெள்ளிக்கிழமை தோறும் நான் கிணறுகளைச் சுற்றி வந்தால் அது அளவுகளை வாங்கிக்கொள்ளும். துறையில் இன்னொரு பெட்டியிடம் கொடுக்கும். பின்னேரம் அக்கரைக் குறிகட்டுவானுக்குப் போகிற படகில் இருக்கும் பெட்டி அதை வாங்கிக் கொண்டுபோய் உன் கொம்பியூட்டருக்குச் சேர்க்கும். போன் சிக்னல் இருக்கிற ஊரில் இது எதற்கு என்று உன் அப்பா கேட்டார். சிக்னல் இல்லாத இடங்களுக்கு இங்கே ஒத்திகை பார்க்கிறேன் என்றாய். துறைப் பெட்டியைக் கந்தசாமியின் கடைச் சுவரில் பூட்டப் போகிறேன் என்றபோது நான் முகத்தைத் திருப்பினேன். "வேறை இடமில்லையா?" "கடைதானம்மா துறைக்குக் கிட்ட. அவர் சந்தோசமா ஓம் எண்டவர்." அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் விட்டதை நல்ல குணம் என்று நீ எடுத்துக்கொண்டாய்.

முதல் எட்டு வாரம் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. வெயிலில் மிதித்துப் போய், பச்சை லைற் இரண்டு தரம் மின்னினால் கடைப் பெட்டி பொறுப்பேற்றுவிட்டது என்று அறிந்து, வீட்டுக்கு வருவேன். கணக்குப் படிக்க ஆசைப்பட்டவளுக்கு உன் கணக்கில் ஒரு பங்கு கிடைத்தது என்று பெருமைதான். ஒன்பதாவது வெள்ளி, படகுக்குக் காத்திருந்த சனத்திடம் கந்தசாமி அந்தப் பெட்டியைத் தட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "எங்கடை தம்பியின்ரை தகவல் முழுக்க என்ரை கடையாலைதான் போகுது. என்ரை கையிலை தந்தால் ஒண்டும் தவறாது, கேட்டுப் பாருங்கோ." நான் அங்கேதான் நின்றேன். என்னைப் பார்த்தும் தலையாட்டினார். நாக்கு அழுகாதா என்று நின்றேன்.

அன்று அவர் மதியப் பூசைக்குக் கோயிலுக்குப் போன நேரம், பச்சை இரண்டு தரம் மின்னிய பிறகு, சுவர்ப் பெட்டியின் அடியில் இருந்த வயரைக் கழற்றினேன். நான்தான். நீதான் சொல்லித் தந்தாய், ஒவ்வொரு செய்திக்கும் மூன்று நாள் ஆயுள், அதற்குள் அடுத்த கைக்குப் போகாவிட்டால் தானாக அழிந்துவிடும் என்று. திங்கட்கிழமை முன்பள்ளி விட்டு வரும் வழியில் திரும்பக் கொளுவிவிட்டேன். பெட்டி ஒன்றும் தெரியாததுபோல் எரிந்தது. உன் கொம்பியூட்டரில் என்ன தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். கடை வாங்கியது, பொறுப்பேற்றது, கொடுக்கவில்லை. மின்சாரம் நிறுத்தப்பட்டது. வீட்டுக்கு வந்து குசினிக் கலண்டரில் அந்த வெள்ளிக்கு மேல் பெருக்கல் குறிபோல் ஒரு புள்ளடி போட்டேன். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். எனக்கு ஒரு முழ வயர் கிடைத்தது. அப்படி ஒன்பது வெள்ளி செய்தேன். தொடர்ந்து அல்ல, விட்டு விட்டு. தொடர்ந்து செய்தால் பெட்டி பழுது என்று நீ நினைத்திருப்பாய். அந்த அளவுக்கு யோசித்துத்தான் செய்தேன். உன் படிப்பை என் வாழ்நாளில் ஒரு தரம் முழுமையாக விளங்கிக்கொண்டது அதற்காகத்தான்.

இனிச் சொல்லப் போவதுதான் எனக்குக் கஷ்டமானது. லைற் அணைந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நம் வீட்டுக்கு வந்தார். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். முழங்கால் வலியோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து படலையடியில் நின்றார். "தங்கச்சி, தம்பியின்ரை பெட்டியிலை லைற் எரியேல்லை. கை வைக்கவேண்டாம் எண்டு சொன்னவர், அதாலை நான் தொடேல்லை. என்னட்டை அவரின்ரை நம்பர் இல்லை. நீர் ஒருக்காச் சொல்லிவிடும், என்ன?"

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

மூன்று தரமும் ஓம் என்றேன். மூன்று தரமும் சொல்லவில்லை. உன் இலக்கத்தையும் கொடுக்கவில்லை. நீ ஆவணியில் வந்து அவரிடம் கேட்டபோது, "நான் தொடேல்லை தம்பி, அம்மாட்டைச் சொல்லிவிட்டனான்" என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாய், "சொன்னவரா அம்மா?" நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல், "என்னட்டை அவர் ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். அவ்வளவுதான். அதற்கு மேல் நீ ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பழைய கடிதத்தை நினைத்தாய், ஆள் அப்படிப்பட்ட ஆள்தானே என்று முடிவு கட்டினாய்.

அடுத்த நாள் காலையில் படகுக்கு நின்ற அத்தனை சனத்துக்கும் முன்னால் சுவரிலிருந்து பெட்டியைக் கழற்றினாய். "ஐயா, இனி உங்களை நம்பி ஒண்டும் வைக்க ஏலாது" என்றாய். அவர் தராசில் கை வைத்தபடி நின்றார். "சரி தம்பி" என்றார். முகம் செத்துப்போனது. நான் உனக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், எனக்கு அது இனித்தது. என் பத்தொன்பது வயது முகம் அன்று எப்படி இருந்திருக்குமோ, அதை அவருடைய முகத்தில் பார்த்தேன். துறையிலேயே நல்ல நண்டு வாங்கி வந்து உனக்குக் குழம்பு வைத்தேன். இரண்டாம் தரமும் சோறு கேட்டுச் சாப்பிட்டாய்.

ஆய்வேட்டை நீ அனுப்பியபோது ஐந்தாம் அத்தியாயத்தைத்தான் முதலில் திறந்தேன். இங்கிலிஷ் எனக்குக் கொஞ்சம் கொஞ்சம்தான், ஆனால் படங்களும் கணக்கும் விளங்கும். 'துறைக் கடை' என்று குறித்த ஒரு புள்ளி, சிவப்பில். அதன் நம்பிக்கை குறைந்துகொண்டே போகிற கோடு. அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழியால் போகும் அம்புகள். உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். "இஞ்சரும், இந்தப் புள்ளடியள் என்னத்துக்கு?" நான் கலண்டரைக் கழற்றி மடித்தேன். அந்த மனுசனுக்கு அதுவே போதும். "தன்ரை மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப்பிழை எண்டு கேட்டிருக்கிறன். நீர் பெடியன்ரை மூக்கையெல்லோ அறுத்திருக்கிறீர்" என்றார். நான் அவரோடு சண்டை பிடித்தேன். என் கடிதம் பதினொரு நாள் கிடந்தபோது எவன் மூக்கைப் பற்றிக் கவலைப்பட்டான் என்று கேட்டேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் சொல்லாமல்தான் இருந்தேன். இன்று காலை நீ சொன்னதுதான் என்னை உட்காரவைத்தது. "பெட்டிக்குக் கறன்ரை நிப்பாட்டினது ஆர் எண்டு கட்டாயம் கேட்பினம் அம்மா. கடைக்காரர்தான் எண்டு நிச்சயமாச் சொல்லுவன். உங்களட்டைச் சொன்னனான் எண்டு பொய் சொன்னவர்தானே, அந்த ஒண்டே காணும்." பேராசிரியர்களுக்கு முன்னால் எழுந்து நின்று நீ நிச்சயம் என்று சொல்லப் போவது என் வாயிலிருந்து வந்த பொய்யை. அதை வைத்துக்கொண்டு, தெரியாத நாட்டில், பனிக்குள் நான்கு வருடம் மேலே மேலே கட்டப் போகிறாய். அங்கே யாராவது ஒருவர் உன் பழைய பதிவுகளைத் திறந்து ஒழுங்காகப் பார்த்தால் எல்லாம் சரியும். அப்போது உன்னைத்தான் கள்ளன் என்பார்கள். கந்தசாமிக்கு வெட்டிய குழிக்குள் உன்னை நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

பதிவு இருக்கிறது, தம்பி. அதைத்தான் உன்னிடம் கோபத்தோடு சொல்ல வேண்டும். என் சைக்கிள் கூடையில் இருந்த பெட்டியும் எல்லாவற்றையும் எழுதிவைக்கும் என்று நீதானே சொன்னாய். யாரை எத்தனை மணிக்குச் சந்தித்தது, எத்தனை மணிக்குப் பிரிந்தது என்று. நான் கடையை விட்டுப் போன பிறகு வயர் கழன்றிருந்தால், பெட்டிகள் இரண்டும் மெல்ல மெல்லத் தூரமாகிப் பிரிந்திருக்க வேண்டும். அந்த ஒன்பது நாளும் நான் பக்கத்தில் நிற்கும்போதே கடைப் பெட்டி செத்திருக்கிறது. உனக்கு அது ஒரு பத்து நிமிட வேலை. பார்த்திருந்தால் அன்றே பிடித்திருப்பாய். கிணற்றுப் பெட்டியைச் சந்தேகித்தாய், படகுப் பெட்டியைச் சந்தேகித்தாய், கடைக்காரரை வயதுக்கும் மதிக்காமல் சந்தேகித்தாய். என் பெட்டியைத் திறக்கவே இல்லை, அது அம்மாவின் பெட்டி என்பதால். இதைப் புத்தியாக எடுத்துக்கொள். நீ போகிற நாட்டில் நல்ல முகத்தோடு, சோறு போட்டு, உன் மேல் உயிரையே வைத்திருக்கிறவர்களும் உன் கணக்கைக் கெடுக்கலாம். அவர்களுக்கு உன் மேல் பகை இருக்க வேண்டும் என்றில்லை. வேறு யார் மேலாவது இருந்தால் போதும்.

இவ்வளவும் சொன்னதால் எனக்கு அந்த மனுசன் மேல் மனம் இளகிவிட்டது என்று நினைக்காதே. இளகவில்லை. கல்லுவேலி மாதிரி அப்படியே இருக்கிறது. பதினொரு நாளுக்கு அவர் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்பது பதில் அல்ல. நான் அழுகிறது உனக்காக மட்டும்தான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட ஏலாது. அவர் ஒரு செய்தியைப் பிந்தியாவது கொண்டுவந்து தந்தார். நான் மூன்று செய்தியை வாங்கி, ஓம் என்று பொறுப்பேற்று, ஒன்றையும் தரவில்லை. பிறகு வாங்கவே இல்லை என்றும் சொன்னேன். உன் புரோட்டோகோலில் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருந்த பெயர்கள் எல்லாம் எனக்குத்தான் பொருந்துகின்றன. அந்த எரிச்சலும் சேர்ந்துதான் அவர் மேல் இன்னும் கோபமாக வருகிறது.

கலண்டரிலிருந்து ஒன்பது தேதியையும், அவர் படலையடிக்கு வந்த மூன்று ஞாயிறையும் வேறு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் படம் எடுத்து வட்ஸ்அப்பிலும் இப்போதே அனுப்புகிறேன். புதன்கிழமைக்கு முன் உன் பேராசிரியரிடம் போ. பரீட்சை தள்ளிப் போகலாம், விமானமும் தள்ளிப் போகலாம். போகட்டும். நீ துறைக்கு வந்து அவரிடம் சொல்லவும் வேண்டும், சனம் படகுக்கு நிற்கும் நேரம் பார்த்துச் சொல்லு, நீ அவமானப்படுத்தியதும் அந்த நேரம்தான். நான் கூட வரமாட்டேன். அந்த மனுசனுக்கு முன்னால் தலைகுனிய என்னால் ஏலாது, அவ்வளவு நல்லவளாக நான் இன்னும் ஆகவில்லை. யார் செய்தது என்று கேட்டால், அம்மா என்று என்னைக் காட்டிக்கொடு. மறைத்து மழுப்பி என்னைக் காப்பாற்ற நினைக்காதே, எனக்கு அது பிடிக்காது.

உன் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதலாவதாக என் பெயரைப் போட்டிருக்கிறாய். அதை அங்கிருந்து எடு. ஐந்தாம் அத்தியாயத்தில் அந்தச் சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் கடையின் பெயர் இருக்கிறதே, அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் போடு.

அம்மா